கண்ணீர் மட்டும் போதாது: யூத மரபில் மனந்திரும்புகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆகஸ்ட் கடைசி வாக்கில் யூத நாட்காட்டியின் ஏலூல் மாதம் பிறக்கும். அன்று முதல் அஷ்கெநாசி யூதர்களின், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்களின், ஜெப ஆலயங்களில், ஓய்வுநாள் நீங்கலாக, காலைத் தொழுகை முடிந்ததும் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். தூங்குகிறவனை உலுக்கி எழுப்பும் சத்தம் அது. அந்த மாதமும், அடுத்து வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும், அதிலிருந்து பத்தாம் நாள் வரும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளும் சேர்ந்து ஏறக்குறைய 40 நாட்கள். ஒருவர் தன் உள்ளத்தைக் கணக்குப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஒதுக்கிய காலம் இது.

இதற்கு எபிரேயத்தில் உள்ள சொல் தெஷுவா. பொருள், திரும்புதல். தமிழ் விவிலியத்தில் 'மனந்திரும்புதல்' என்ற சொல்லைப் படித்தவர்களுக்கு அந்தத் 'திரும்புதல்' இங்கும் கேட்கும். ஆனால் நம்மில் பலர் இதைப் பரிகாரம் என்று புரிந்துகொள்கிறோம். ஒரு தவறு, அதற்கு ஒரு சடங்கு, கணக்குத் தீர்ந்தது என்று. யூத ஆசான்கள் பல நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டது இந்த எண்ணத்தோடுதான். அவர்கள் சுட்டிக்காட்டிய தவறுகளைப் படித்தால், வேறு மதத்தவருக்கும் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.

முதலில், உருகுவதையே மாற்றம் என்று நம்பிவிடுவது. யோம் கிப்பூர் அன்று 25 மணி நேரம் அன்னம் தண்ணீர் இல்லை. ஒரே நாளில் 10 முறை பாவ அறிக்கை சொல்கிறார்கள், ஒவ்வொரு வரிக்கும் நெஞ்சில் மெல்லத் தட்டிக்கொண்டு. கண் கலங்காமல் இருப்பது கடினம். அந்தக் கலக்கம் உண்மையானது, நல்லது. ஆனால் அது வாசல்தான், வீடு அல்ல.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், தம் சட்டத் தொகுப்பில் தெஷுவாவுக்கென்றே ஒரு பகுதி எழுதினார். அதில், பழைய யூத ஆசான்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதிலிருந்து ஒரு உவமையை எடுத்தாள்கிறார். வாயால் பாவத்தை அறிக்கையிட்டு, மனதில் அதை விடாதிருப்பவன், தீட்டான பிராணியைக் கையில் பிடித்துக்கொண்டே முழுக்குப் போடுகிறவனைப் போன்றவன். கையில் இருப்பதைக் கீழே போடும்வரை எத்தனை முழுக்குப் போட்டாலும் தீட்டுப் போகாது. தீட்டும் முழுக்கும் தெரிந்த நமக்கு இதற்கு விளக்கமே வேண்டாம்.

சரி, மாறிவிட்டோம் என்று எப்படித் தெரியும்? அவர் தரும் அளவுகோல் கறாரானது. முன்பு தவறு செய்த அதே சூழல் மறுபடி வருகிறது. அதே ஊர், அதே ஆள், உடம்பில் அதே பலம், மனதில் அதே ஆசை. செய்ய முடியும், ஆனாலும் செய்யவில்லை. பயத்தாலோ இயலாமையாலோ அல்ல, திரும்பிவிட்டதால். இதுதான் முழுமையான தெஷுவா. வயதாகி, செய்ய இயலாமல் போன பிறகு விடுவதும் தெஷுவாதான், ஆனால் அது சிறந்தது அல்ல என்கிறார். இந்தப் பகுதியைப் படித்த பிறகு 'நான் திருந்திட்டேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. அதே கோபக்கார அண்ணன், அதே சொத்துப் பேச்சு, அதே கூடம் திரும்ப வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது, இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். மனிதனுக்குச் செய்ததற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது. யூத வாய்மொழிச் சட்டத்தின் பழைய தொகுப்பான மிஷ்னா இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களை யோம் கிப்பூர் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானவற்றை, அடுத்தவரைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது. பணம் எடுத்திருந்தால் திருப்பித் தர வேண்டும். தந்த பிறகும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மசியவில்லை என்றால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போகச் சொல்கிறார் மைமோனிடிஸ். அப்படி மூன்று தடவை. அந்த ஆள் இறந்துவிட்டால், பத்துப் பேரோடு அவர் கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் 'கடவுளுக்கும் இவருக்கும் எதிராக இந்தத் தவறைச் செய்தேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

யோம் கிப்பூர் காலையில், வயிறு காய்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் வாசிக்க ஏசாயா 58ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீங்கள் உபவாசம் இருக்கும் நாளிலேயே வேலைக்காரர்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், இதுவா நான் கேட்ட உபவாசம் என்று தீர்க்கதரிசி கேட்கும் அதிகாரம் அது. பசியோடு இருப்பவனுக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடு என்கிறது. விரதத்தின் நட்டநடுவில் விரதத்தையே கேள்வி கேட்கும் வாசிப்பை வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

இப்போதெல்லாம் பண்டிகைக்கு முன் 'தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்' என்று வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிடும் வழக்கம் யூதர்களிடையேயும் உண்டு. யாரிடம் உண்மையில் கேட்க வேண்டுமோ, அவர் அந்த நூறு பேரில் ஒருவராகக் கரைந்துபோகிறார். செய்தது என்ன என்று பெயர் சொல்லிக் கேட்காத மன்னிப்பு, கேட்டவருக்குத்தான் ஆறுதல்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவரைப் பற்றிப் புறம் பேசினோம், அவருக்கு அது தெரியவே தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? புறங்கூறலைப் பற்றி 1873ல் வெளியான தம் நூலால் ஹஃபெட்ஸ் ஹயிம் என்றே பெயர் பெற்றுவிட்ட ரபி இஸ்ரயேல் மேயிர், கேட்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். குணத்தைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியை வலியுறுத்திய முசார் இயக்கத்தைத் தொடங்கிய ரபி இஸ்ரயேல் சலாந்தர் இதை ஏற்கவில்லை என்று சொல்வார்கள். உன் மனபாரம் இறங்குவதற்காக, தெரியாமல் நிம்மதியாக இருந்தவரைப் புதிதாக ஏன் நோகடிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் சலாந்தர் பக்கம். மன்னிப்புக் கேட்பது என்ற பெயரில் நம் சுமையை இறக்கி அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு வருவதும் நடக்கத்தான் செய்கிறது.

அடுத்தது அகலக்கால் வைப்பது. புதிதாகப் பக்தி பிறந்தவர்கள் இதில்தான் விழுகிறார்கள். போன மாதம்வரை ஓய்வுநாள் என்றைக்கு வரும் என்றுகூடக் கவனிக்காதவர், இந்த மாதம் உணவு, உடை, தொழுகை, வேத வாசிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறார். வீட்டில் சண்டை, உடம்பில் சோர்வு, ஆறு மாதத்தில் எல்லாம் காலி. 'நிறையப் பிடிக்கப் போனாய், எதையும் பிடிக்கவில்லை' என்று தல்மூதில் ஒரு வாசகம் உண்டு. முசார் ஆசான்கள் இதற்கு மாற்றாகச் சொன்னது 'சிறு உறுதி'. உதாரணமாக, சாப்பிட்ட பின் சொல்லும் நன்றி மன்றாட்டை மனப்பாடமாக ஓட்டாமல், புத்தகத்தைத் திறந்து எழுத்தைப் பார்த்துச் சொல்வேன் என்பது. அவ்வளவுதான். இவ்வளவு சின்னதா என்று வெட்கமாக இருக்கும். ஆனால் வருஷம் முழுக்க நிற்பது இதுதான்.

1808ல் மெனஹெம் மெண்டல் லெஃபின் வெளியிட்ட 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்', அதாவது ஆன்மக் கணக்கு, இந்த வேலைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தையே வகுத்துத் தருகிறது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தமக்கென்று வைத்திருந்த முறையைத் தழுவியது அது. 13 குணங்கள்: மன அமைதி, பொறுமை, ஒழுங்கு, பணிவு, மௌனம், உண்மை என்று போகும். கட்டம் போட்ட பக்கத்தில் ஒரு பக்கம் ஏழு நாட்கள், இன்னொரு பக்கம் குணங்களின் பெயர்கள். ராத்திரி படுக்கும் முன் உட்கார்ந்து, சறுக்கிய இடத்தில் ஒரு புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல்தான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்தில் நான்கு சுற்று. பொறுமைக்கான வாரத்தில் ஐந்து புள்ளி விழுந்தால், அடுத்த சுற்றில் அது மூன்றாகிறதா என்று பார்ப்பார்கள். சலாந்தரைச் சுற்றியிருந்தவர்கள் 1840களில் இந்த நூலை லித்துவேனியாவின் வில்னா நகரில் மறுபடி அச்சிட்டார்கள்.

மைமோனிடிஸ் தர்மத்தைப் பற்றிச் சொன்னதும் இதே கருத்துதான். ஒரே ஆளுக்கு ஒரே தடவையில் 1000 பொற்காசு கொடுப்பதைவிட, 1000 தடவை ஒவ்வொரு காசாகக் கொடுப்பது மேல். பெறுகிறவர்களுக்காக அல்ல, கொடுக்கிறவனுக்காக இதைச் சொல்கிறார்: 1000 தடவை திறந்த கை திறந்தே பழகிவிடும்.

பக்தியின் செலவை அடுத்தவர் தலையில் கட்டுவது பற்றிச் சொல்ல, சலாந்தரைப் பற்றி வழங்கும் ஒரு சம்பவம் போதும். ஒரு வீட்டில் விருந்துக்குப் போயிருக்கிறார். ரொட்டி உண்ணும் முன் சடங்காகக் கை கழுவ வேண்டும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவுவது சிறப்பு, அப்படிக் கழுவினால் செல்வம் சேரும் என்று தல்மூதில் ஒரு ஆசானே சொல்லியிருக்கிறார். சலாந்தரோ சட்டத்துக்குத் தேவையான அளவு, ஒரு சின்ன டம்ளர் தண்ணீர்கூட இருக்காது, அதோடு நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பெரியவர் ஏன் இப்படி என்று கேட்டார்கள். வேலைக்காரப் பெண் தோளில் காவடி போலக் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் வாளி தொங்க, மேட்டில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தோளில் ஏறி நின்று நான் பக்திமானாக ஆகக் கூடாது என்றாராம் அவர்.

விடியற்காலையில் தொழுகைக்கு எழும் கணவர், அந்த அவசரத்தில் வீட்டையே எழுப்பிவிடுவதும் இந்த வகைதான். பஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லாத அப்பம் சுடும் இடத்துக்குப் போகும் சீடர்கள், எதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சலாந்தரிடம் கேட்டபோது, மாவு பிசைகிற பெண் ஒரு விதவை, அவளிடம் குரலை உயர்த்திவிடாதீர்கள் என்று சொன்னதாகவும் கேள்வி. 1848ல் வில்னாவில் காலரா பரவியபோது, யோம் கிப்பூர் அன்று மக்கள் சாப்பிட வேண்டும் என்று நின்றவரும் அவர்தான்.

தன்னையே வெறுப்பதைப் பக்தி என்று எண்ணுவோரும் உண்டு. 'உன் பார்வையில் நீயே தீயவனாக இராதே' என்று மிஷ்னாவே தடுத்துவிட்டது. போலந்தின் பெஷிஸ்கா ஊரில் இருந்த ரபி சிம்ஹா பூனிம், சட்டையின் இரண்டு பையிலும் ஒவ்வொரு சீட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றில் 'எனக்காகவே உலகம் படைக்கப்பட்டது', மற்றொன்றில் 'நான் தூளும் சாம்பலுமானவன்'. எந்த நேரத்தில் எதை எடுத்துப் படிப்பது என்று தெரிந்திருப்பதுதான் சாமர்த்தியம். பெரும்பாலும் நாம் தவறான பையில்தான் கை விடுகிறோம். கர்வம் தலைக்கேறும்போது முதல் சீட்டு, மனம் உடைந்திருக்கும்போது இரண்டாவது.

தனியாகவே எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 'உனக்கு ஒரு ஆசானை ஏற்படுத்திக்கொள், ஒரு நண்பனைச் சம்பாதித்துக்கொள்' என்பது மிஷ்னாவின் பழைய அறிவுரை. நம் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. முசார் வழிவந்த நோவர்தோக் பள்ளியில் அந்தக் காலத்தில் இளைஞர்கள் மருந்துக் கடைக்குப் போய் ஆணி இருக்கிறதா என்று கேட்பார்களாம். பிறர் சிரிப்பார்களே என்ற பயத்தை உடைக்கும் பயிற்சி அது. கூட வரும் தோழர்களும் வழிநடத்தும் ஆசானும் இல்லாமல் இதை ஒருவர் தானாகச் செய்யக் கிளம்பினால் கோமாளித்தனமாகவோ கர்வமாகவோதான் முடியும். அப்புறம், திருந்தி வந்தவரைப் பார்த்து 'நீ முன்னே எப்படி இருந்தே, ஞாபகம் இருக்கா' என்று கேட்பதைத் தல்மூத் வெளிப்படையாகவே தடை செய்கிறது. இந்தத் தவறு, மாறுகிறவருடையது அல்ல, பக்கத்தில் இருப்பவர்களுடையது.

யோம் கிப்பூர் முடியும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். இருட்டியதும் ஷோஃபாரை நீளமாக ஒருமுறை ஊதுகிறார்கள். நாள் முழுக்க வேண்டிய மன்னிப்பு கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் முகங்கள் தெளிகின்றன. உடனே வழக்கமான இரவுத் தொழுகை தொடங்குகிறது. அதில் சில நிமிடங்களிலேயே ஒரு வரி வரும்: 'எங்களை மன்னியும் தந்தையே, நாங்கள் பாவம் செய்தோம்.' ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் மறுபடியும் அதே வேண்டுதல். அது முடிந்து வீட்டுக்கு வந்து, விரதம் முடித்து, கொஞ்சம் தெம்பு வந்ததும் பலர் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போகிறார்கள். நான்கு நாளில் கூடாரப் பண்டிகை. அதற்கான கொட்டகை வேலையை அன்று ராத்திரியே தொடங்கிவிடுவது வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்தும் சுத்தியல் சத்தம் கேட்கும்.