வண்டியும் உதிரிப்பாகமும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கண்டறியும் முறை

வண்டியின் முகப்பிலுள்ள சின்னம், நிறுவனம் எந்த நாட்டுக்குரியது என்பதை மட்டுமே சொல்லும். ஹட்டன், நுவரெலியாப் பாதைகளில் ஓடும் சுசூகி ஆல்டோக்களில் இந்தியாவின் மாருதி தொழிற்சாலையில் செய்தவையும் உண்டு, ஜப்பானில் செய்தவையும் உண்டு. ஒன்றின் பல பாகங்கள் மற்றதற்குப் பொருந்தி வருவதில்லை என்பதால், கடைக்குப் போகுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியின் அடையாள எண்ணான சேஸி இலக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரிலோ, கதவுத் தூணின் தகட்டிலோ, முன் இருக்கையின் அடியிலோ அது இருக்கும். 17 எழுத்துகள் கொண்டதாயின், ‘ஜே’யில் தொடங்குவது ஜப்பான், ‘எல்’ சீனா, ‘எம்ஏ’ முதல் ‘எம்ஈ’ வரை இந்தியா, ‘எம்எல்’ முதல் ‘எம்ஆர்’ வரை தாய்லாந்து. சில ஐரோப்பிய நிறுவனங்கள் வெளிநாட்டில் செய்த வண்டிக்கும் தாய்நாட்டு எழுத்தையே இடுவதால், தொழிற்சாலையைக் குறிக்கும் 11ஆவது எழுத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தையிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வண்டிகளில் பொதுவாக இந்த 17 எழுத்துகள் இருப்பதில்லை. ‘எச்ஏ36எஸ்’ போன்ற மாதிரிக் குறியீடும், ஒரு சிறு கோடும், அதன்பின் தொடர் எண்ணும் இருக்கும். ஆனால் ஜப்பானில் விற்கப்பட்ட வண்டியெல்லாம் அங்கேயே செய்யப்பட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2010இல் வந்த நிசான் மார்ச், 2012இல் வந்த மிட்சுபிஷி மிராஜ் ஆகிய இரண்டும் தாய்லாந்தில் செய்யப்பட்டு ஜப்பானுக்கு இறக்குமதியானவை.

உதிரிப்பாகத்தில் பெட்டியை நம்பாமல் பாகத்தையே கையில் எடுத்துப் பாருங்கள். டொயோட்டாவின் ஜெனுயின் பாகத்தில் ‘தாய்லாந்து’ என்று இருந்தால் அது போலியென்று தள்ளிவிட வேண்டாம். போலி செய்பவர்தான் ‘ஜப்பான்’ என்று பெரிதாக அச்சிடுகிறார். பாக எண் உலோகத்தில் தெளிவாகப் பதிந்திருக்கிறதா, பெட்டியிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். றம்பொடை இறக்கத்தில் பிரேக்கை நம்பி இறங்குகிறவர்கள் பிரேக் பேடின் பின்தகட்டையும் கவனிக்க வேண்டும்: பல பேடுகளில் ‘எஃப்எஃப்’ போன்ற ஈரெழுத்துக் குறி இருக்கும், முதலெழுத்து சாதாரண நிலையின் உராய்வுத் திறனையும், இரண்டாவது சூடேறிய நிலையின் திறனையும் காட்டும். இரண்டாம் எழுத்து முதலெழுத்தைவிட ஆங்கில அகர வரிசையில் முந்தியதாயின், சூட்டில் பிடிமானம் குறையும். நீண்ட இறக்கங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு குறிகள் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகின்றன. பார்கோடின் தொடக்க எண் (885 தாய்லாந்து, 890 இந்தியா) எந்த நாட்டு அமைப்பு அந்த எண்ணை வழங்கியது என்பதையே காட்டும். கண்ணாடியிலும் விளக்கிலும் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஈ4’ என்பதும் நெதர்லாந்தில் அனுமதி பெற்றது என்பதற்கான அடையாளமே தவிர, அங்கே செய்யப்பட்டது என்பதற்கு அல்ல.

டயரில் ‘டொட்’ (DOT) குறியை அடுத்து வருவது தொழிற்சாலைக் குறியீடு. ‘2319’ போன்ற கடைசி நான்கு இலக்கங்கள் 2019இன் 23ஆவது வாரத்தைச் சொல்லும். இந்திய நிறுவனமான சியட்டின் டயர்கள் நம் களனியிலும் செய்யப்படுகின்றன.

கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பும்போது, சேஸி இலக்கத்தையும் கழற்றிய பழைய பாகத்தின் எண்ணையும் படமெடுத்துக் கொடுத்தனுப்புங்கள்; முடிந்தால் பழைய பாகத்தையே கொடுத்தனுப்புங்கள்.