புது ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ஊரு வெயிலுக்கு எஞ்சின் தானாவே சூடா இருக்கும், இதுக்குப் போய் வார்ம்-அப் எதுக்கு?" மதுரைப் பக்கம் புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. இதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதித் தவறுகளுக்கு இதுதான் வேர். சித்திரையில் வெயில் 40 டிகிரி அடித்தாலும் அது நமக்குத்தான் சூடு. எஞ்சின் ஆயில் ஒழுங்காக வேலை செய்ய 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். 40 டிகிரியில் இருக்கும் அதே ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கெட்டியாக இருக்கும். டப்பாவில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அதில் கடைசி எண் 100 டிகிரியில் உள்ள தடிமனைச் சொல்வது. முதல் எண் உறைபனிக் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது, அதற்கும் மதுரைக்கும் சம்பந்தமே இல்லை.

கெட்டியான ஆயில் குறுகலான இடைவெளிகளுக்குள் சரியாக ஓடாது. அதோடு உலோகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரியும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் அலுமினிய பிஸ்டன் சூடானதும் எவ்வளவு பெரிதாகும் என்று கணக்குப் போட்டுத்தான் உள்ளே இடைவெளி விட்டிருப்பார்கள். அது சூடாகும் முன்பே 6,000 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் ஒரு நிமிஷத்தில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை) ஏற்றினால், லூசாக ஆடிக்கொண்டிருக்கும் பிஸ்டனை முழு வேகத்தில் சிலிண்டர் சுவரில் அடிக்க விடுகிறீர்கள்.

இதில் ஏமாற்றுவது டாஷ்போர்டில் இருக்கும் கூலன்ட் முள், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள். தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், முள் நடுவில் வந்து நின்றுவிடும், உடனே வண்டி ரெடி என்று மிதிப்பார்கள். ஆயில் அப்போது பாதி வழியில்கூட இருக்காது. கே.கே.நகரில் கிளம்பி மாட்டுத்தாவணி தாண்டும்போது கூலன்ட் முள் நடுவுக்கு வந்திருக்கலாம், ஆனால் ஒத்தக்கடையில் யானைமலையைக் கடந்து மேலூர் ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஆயில் வேலை செய்யும் பதத்துக்கு வரும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஆயில் டெம்பரேச்சர் தனியாகவோ மெனுவுக்குள்ளோ காட்டும், அதைத் தேடி எடுத்து எப்போதும் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரியைத் தொடும்வரை பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகாதீர்கள், முழுசாக மிதிப்பதெல்லாம் 90க்கு அப்புறம். அந்த மீட்டரே இல்லாத வண்டியா? கூலன்ட் முள் நடுவுக்கு வந்தபின் இன்னும் எட்டுப் பத்து கிலோமீட்டர் சாதுவாக ஓட்டுங்கள். பழைய பிஎம்டபிள்யூ எம்3, எம்5 கார்களில் இதற்காகவே ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி மஞ்சள் விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும், அதுவரை அந்த எல்லையைத் தாண்டாதே என்று அர்த்தம். அந்த அளவுக்கு முக்கியமான விஷயம் இது.

சரி, வார்ம்-அப் வேண்டும் என்று புரிந்தவர்கள் செய்கிற தவறு அடுத்தது. காலையில் போர்டிகோவில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, பேப்பர் படித்து, காபி குடித்து முடிக்கும்வரை பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட விடுவது. நிற்கும் எஞ்சினுக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சூடு மெதுவாகத்தான் ஏறும். குளிர்ந்த எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். நன்மை செய்வதாக நினைத்துச் செய்கிற கெடுதல் இது. ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் ஆயிரத்துக்கு மேல் ஏறி நிற்கிறதே, அது பெரும்பாலும் சைலன்சர் வழியில் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக. அது இறங்கும்வரை அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ பொறுத்திருந்து, மெதுவாகக் கிளம்பிவிடுங்கள். ஓடிக்கொண்டே சூடாவதுதான் எஞ்சினுக்கு நல்லது, கியர்பாக்ஸும், சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும்கூட ஓடினால்தான் சூடாகும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. புது வண்டி எடுத்தால் பாண்டி கோவிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது நம் வழக்கம், அதில் ஒரு குறையும் இல்லை. பூஜை முடிந்த கையோடு நடப்பதுதான் பிரச்சனை. "அண்ணே, ஒரே ஒரு தடவை உறும விடுங்கண்ணே, வீடியோ எடுத்துக்கறேன்" என்று நாலு தம்பிமார் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், இவரும் நியூட்ரலில் போட்டு ரேஸ் கொடுப்பார். அரை மணி நேரம் ஆஃப் ஆகி நின்ற, இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத எஞ்சின். எதிர்த்துப் பிடிக்கச் சுமை எதுவும் இல்லாததால் ஆர்பிஎம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறும், ஆயில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. முதல் வாரத்தில் ஒரு புது எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மோசமான காரியம் இதுதான் என்பது என் கருத்து. கேட்கிறவர்களை உட்கார வைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போங்கள், சத்தத்தை 3,000 கிலோமீட்டருக்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி பழக்குவது, அதாவது ரன்னிங்-இன். எஞ்சின் 'ஃப்ரீ' ஆகணும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள் இல்லையா, உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் எப்படி ஓட்டுவது என்பது தானாக விளங்கிவிடும். சிலிண்டர் சுவரை வழவழவென்று விடமாட்டார்கள், ஹோனிங் என்று குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள், புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி. அந்தச் சொரசொரப்பில் உரசி உரசித்தான் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையம்) சுவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை. உள்ளே பெட்ரோல் எரிந்து உண்டாகும் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. அதாவது எஞ்சினுக்கு ஓரளவு வேலை கொடுத்தால்தான் ரிங் பொருந்தும். அந்தக் காலத்து பைக்குக்குச் சொன்ன '40க்கு மேல் போகாதே' கணக்கை இதற்கும் வைத்துக்கொண்டு பூப்போல உருட்டினால், ரிங் பொருந்துவதற்குள் சுவரில் ஆயில் காய்ந்து பளபளப்பாகப் படிந்துவிடும். அப்புறம் அந்த எஞ்சின் ஆயில் குடிப்பதை நிறுத்துவது கஷ்டம்.

அதற்காக முதல் நாளே அடித்து விரட்டினால்தான் எஞ்சின் பலமாகும் என்று சொல்கிற கூட்டத்தை நம்பாதீர்கள். உரசல் அதிகமாக இருக்கும் புது எஞ்சினில் அப்படிச் செய்தால் சூடு ஒரே இடத்தில் குவிந்து ரிங்கும் சுவரும் கீறிக்கொள்ளும், பேரிங், வால்வ், கியர் பற்களும் ஒன்றுக்கொன்று பழகியிருக்காது. நடுத்தர ஆர்பிஎம்மில் நடுத்தரச் சுமை, அதுவும் மாறி மாறி, அவ்வளவுதான் சூட்சுமம். போர்ஷே பொதுவாக முதல் 3,000 கிலோமீட்டருக்கு 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதே என்கிறது. பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டர் வரை 5,500 ஆர்பிஎம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எண் சொல்வதால் பக்கத்து வீட்டுக் காருக்குச் சொன்னதை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கார் கையேட்டில் இருப்பதைப் பாருங்கள், ஷோரூமில் வாய்மொழியாகச் சொல்வதைவிட அச்சில் இருப்பதை நம்புங்கள்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது முதல் பயணத்திலேயே. இந்த மாதிரி காரைப் பெரும்பாலும் சென்னையில் டெலிவரி எடுத்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். 460 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை, செங்கல்பட்டு தாண்டியதும், வேகத்தைத் தானாகவே பிடித்து வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் 100ஐப் போட்டுவிட்டு அப்படியே மேலூர் வரைக்கும். எஞ்சினின் முதல் பயணம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஆர்பிஎம், ஒரே சுமை. ரிங்குக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது. க்ரூஸ் கன்ட்ரோலை மறந்துவிடுங்கள். 60க்கு இறங்கி 100க்கு ஏறுங்கள், ஒரு கியர் குறைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பாலம் இறங்கும்போது காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் வர விடுங்கள். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ரிங்கைச் சுற்றி ஆயிலை இழுத்துக் குளிர வைக்கும், அதுவும் அவசியம்தான். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறவர்களும் உண்டு, அப்படியானால் முதல் 500 கிலோமீட்டரைக் கோரிப்பாளையம் சிக்னலிலும் சிம்மக்கல் நெரிசலிலும் ஏசி போட்டு நின்றபடியே கழித்துவிடாதீர்கள்.

நத்தம் ரோடு, அழகர்கோவில் ரோடு, வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல், இவையெல்லாம் அதிகாலையில் இதற்குப் பொருத்தமானவை. எனக்குப் பிடித்தது திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை ஏறுவது. 18 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றத்தில் சுமை மாறிக்கொண்டே இருக்கும், இறங்கும்போது எஞ்சின் பிரேக் தாராளமாகக் கிடைக்கும், அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆயிலும் நன்றாகச் சூடாகியிருக்கும். ஒன்று மட்டும் கவனம். புது டயரின் மேல்தோல் வழுக்கும், 300 கிலோமீட்டராவது ஓடினால்தான் பிடிப்பு வரும். பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக ஏறக்குறைய 500 ஆகும். ஆகவே சிறுமலையை முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மைலேஜ் பார்த்தே ஓட்டிப் பழகிய நமக்கு இன்னொரு பழக்கம் கூடவே வரும், 40லேயே டாப் கியருக்கு மாற்றிவிட்டு, ஏற்றம் வந்தாலும் கியர் குறைக்காமல் முக்கி முக்கி ஏற்றுவது. ஆர்பிஎம் குறைவாக இருப்பதால் எஞ்சினுக்கு இதம் என்று நினைப்பு, உண்மையில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது 4,000த்தில் லேசாக மிதிப்பதைவிடப் பல மடங்கு கொடுமை. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) எஞ்சின்களில், இப்படிக் குறைந்த ஆர்பிஎம்மில் கனமான சுமை ஏற்றும்போது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டன் உடைவது உண்டு. கியரைக் குறையுங்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் அளவு, இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் 95 அல்லது அதற்கு மேல் கேட்பவை, அதனால் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 போன்றது எந்த பங்கில் கிடைக்கிறது என்று வெளியூர் போகும் முன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், ரிங் பொருந்தும்வரை அது இயல்பு. முதல் சர்வீஸ் வரட்டும் என்று விட்டுவிடாமல் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள். பல கார்களில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கே கிடையாது, எஞ்சின் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி மெனுவில்தான் பார்க்க வேண்டும். எம் கார்களுக்கு 2,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுவது கட்டாயம், அதை ஒத்திப்போடாதீர்கள். கம்பெனி சொல்லாத கார்களுக்கும் சீக்கிரம் ஒருதடவை மாற்றினால் நஷ்டமில்லை, அதே கிரேடு ஆயில் என்றால். பாட்டிலில் விற்கும் உராய்வு குறைக்கும் மருந்தெல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம், ரிங் பொருந்த உராய்வுதானே வேண்டும்.

கவர் போட்டு மூடி வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கும், அதை விரட்டும் அளவுக்குச் சூடேற ஐந்து நிமிஷம் போதாது, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டுக்குச் செலவானதும் திரும்ப ஏறாது. ஓட்ட நேரமில்லையென்றால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பேட்டரிக்குத் தனியாக ஒரு சார்ஜர் மாட்டி வையுங்கள். ஓட்டினால் 25 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். டர்போ வண்டியாக இருந்தால் வீட்டை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரைச் சாதுவாக வந்தாலே போதும், டர்போ குளிர்ந்துவிடும், வாசலில் நிறுத்தி ஓட விடவேண்டியதில்லை.

கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் முடிந்த அன்றே ரெட்லைனுக்கு, அதாவது ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோடு போட்ட உச்ச எல்லைக்குப் போவதும் சரியில்லை. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் 500 ஆர்பிஎம் வீதம் கூட்டிக்கொண்டு போங்கள், மேலே தொட்டதும் உடனே இறங்கிவிடுங்கள். அதன் முழு ஓட்டத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் நம் ரிங் ரோடு அதற்கான இடமில்லை, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய மைதானம் இருக்கிறது. மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்தாலும் பிட்டில் (ஓடுதளத்தின் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) காத்து நிற்கும் நேரத்தில் ஆயிலும் டயரும் ஆறிப்போயிருக்கும், அதனால் முதல் இரண்டு சுற்றுகளை மெதுவாகவே போய், ஆயில் மீட்டர் 90ஐக் காட்டியபின் மிதியுங்கள். கடைசிச் சுற்றும் மெதுவாகவே இருக்கட்டும்.