இறக்கை இழந்த பூச்சிகள்: விளக்கும்போது நேரும் தவறுகள்

பறக்காத பூச்சிகளைப் பற்றி எழுதும்போது அடிக்கடி நேரும் தவறு, இறக்கையில்லாத அனைத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. பழைய புத்தகத் தாள்களுக்கிடையே ஓடும் இராமபாணப் பூச்சியின் மூதாதைகளுக்கு இறக்கை இருந்ததே இல்லை. பேனும் மூட்டைப்பூச்சியும் இறக்கையுள்ள மூதாதைகளின் வழிவந்து, பிற்பாடு அதை இழந்தவை. மழைக்குப் பின் ஈசல் உதிர்க்கும் இறக்கையோ பரிணாம இழப்பே அன்று.

இழப்பைக் குறையாகக் கருதுவது இதைவிடப் பெரிய தவறு. நெற்பயிரைத் தாக்கும் புகையானைப் பாருங்கள். தூரை விலக்கினால், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, குட்டை இறக்கையுள்ள பெண் பூச்சிகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். இவற்றால் பறக்க முடியாது. ஆனால் பறக்கும் தசைக்குச் செலவாக வேண்டிய ஊட்டம் முட்டைக்குப் போவதால், நீண்ட இறக்கையுள்ளவற்றைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் முட்டையிடுகின்றன. நெரிசல் மிகுந்து பயிரும் வாடத் தொடங்கினால், அதே இனத்தின் குஞ்சுகள் நீண்ட இறக்கையோடு வளர்ந்து, காற்றேறி வேறு வயலுக்குப் போய்விடும். இன்சுலினை உணரும் உயிரணுப் புரதங்களான இரண்டு இன்சுலின் ஏற்பிகள் இத்தேர்வை நடத்துவதாக 2015இல் சீன ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே குட்டை இறக்கையைக் கண்டதும் இந்த இனம் பறத்தலை இழந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

தீவு என்றாலே காற்றைக் காரணம் சொல்வதும் அவசரம்தான். அட்லாண்டிக் கடலிலுள்ள மடெய்ராத் தீவின் 550 வண்டினங்களில் 200 பறக்க இயலாதவை என்ற பூச்சியியலாளர் வொல்லாஸ்டனின் கணக்கை வைத்து, பறந்தவை கடலில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்றார் டார்வின். ஓயாத காற்றும் குளிரும் சூழ்ந்த, அண்டார்டிக்காவை ஒட்டிய தென்கடல் தீவுகளில் பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதி பறக்காதவை என்பது அவர் பக்கம் நிற்கிறது. எனினும் அங்கே கடலில் விழுவதைவிட, காற்றை எதிர்த்துப் பறப்பதற்கான ஆற்றல் செலவே முதன்மையாக இருந்திருக்கலாம். காற்று வீசாத குகைகளிலும் பறக்காத வண்டுகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பறக்காதது பரவாது என்று முடிவுகட்டவும் இயலாது. மூட்டைப்பூச்சி நம் பெட்டிகளில் ஏறி ஊர்விட்டு ஊர் போகிறது. ஜப்பானில் கொண்டைக்குருவி வகைப் பறவை ஒன்றுக்குப் பறக்காத குச்சிப்பூச்சியின் முட்டைகளைத் தின்னக் கொடுத்தபோது, சில எச்சத்தில் உடையாமல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றிரண்டு பொரிக்கவும் செய்தன.