சின்ன பட்ஜெட்டில் மியூசிக் பிளேயரும் ஸ்பீக்கர் டாக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேயரை ஒரு நாள், ஸ்பீக்கர் டாக்கை (பிளேயரை மேலே செருகி வைத்துக் கேட்கும் ஸ்பீக்கரை) இன்னொரு நாள் எனத் தனித்தனியாகப் பார்த்து வாங்குவதால்தான் பலருக்குப் பணம் வீணாகிறது. இரண்டுமே நல்ல பொருளாக இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. எனவே முதலில் பாட்டு எங்கே இருக்கிறது, அது எந்த வழியாக ஸ்பீக்கருக்குப் போகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். வாட், நிறம், மின்னும் விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

பாட்டு எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் வாங்குவது

ஸ்ட்ரீமிங் செயலியில் டவுன்லோட் செய்த பாட்டுகள் சாதாரண எம்பி3 பிளேயரில் ஓடாது. அவை பூட்டுப் போட்ட கோப்புகள், அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். சந்தா கட்டிக் கேட்பவருக்கு ஆண்ட்ராய்டும் வைஃபையும் உள்ள பிளேயர் வேண்டும். அதைவிட, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோனே மேல். சிம்மைக் கழற்றிவிட்டு அதையே பிளேயராக வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடலாம். அந்த ஃபோனின் ஆண்ட்ராய்டு பதிப்பில் செயலி இன்னும் நிறுவ முடிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பாட்டுகளைக் கோப்பாகவே வைத்திருப்பவர்கள் கொள்ளளவைக் கணக்குப் போட்டு வாங்கலாம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும், 320 கேபிபிஎஸ் என்றால் 2.4 எம்பி. அதாவது 320இல் உள்ள ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. 8 ஜிபி பிளேயரிலேயே அறுநூறு பாட்டுக்கு மேல் அடங்கும். உள் நினைவகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட மெமரி கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அந்தக் கார்டிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பிளேயர்களும் மலிவானவை பலவும் 32 ஜிபி வரைதான் ஏற்கும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கும் புதிய முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன, செருகினால் பிளேயர் கண்டுகொள்ளாது. பழைய முறையான ஃபேட்32 ஆக மாற்றி ஃபார்மேட் செய்தால் சில பிளேயர்கள் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பிப் பெரிய கார்டு வாங்க வேண்டாம். நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் பெரிய கார்டுகளில் போலிகளும் ஏராளம். கணினியில் செருகினால் 256 ஜிபி என்றுதான் காட்டும், உண்மையான அளவைத் தாண்டியதும் எழுதிய பாட்டெல்லாம் பாழாகும். வாங்கிய உடனே எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

பாட்டின் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால், மலிவு பிளேயர்களின் திரையில் வெறும் கட்டங்களாகவோ புள்ளியும் கொம்பும் இடம் மாறியோ தெரியலாம். ஒரு தமிழ்க் கோப்பை ஏற்றிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

டாக்கின் முள்ளை நம்பி வாங்குவது

பழைய டாக்குகள் இன்று மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இணைப்பு முள்தான். ஆப்பிள் 2003இல் கொண்டுவந்த 30 முள் இணைப்பு, 2012இல் லைட்னிங் என்ற சிறிய இணைப்பு வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. 2023இல் ஐஃபோன் 15 யூஎஸ்பி-சிக்கு மாறியது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் இன்னும் பல ஆண்டு உழைக்கும், ஆனால் அந்த முள்ளில் செருகப் பொருள் இருக்காது.

அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், மலிவான அடாப்டர்கள் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும், ஒலியைக் கடத்தாது. இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. மிகப் பழைய டாக்குகள் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான முள்களில் 12 வோல்ட் கொடுத்துச் சார்ஜ் செய்தவை. 2008 முதல் வந்த ஐபாட் டச், ஐஃபோன் வகைகள் 5 வோல்ட் யூஎஸ்பி வழியாக மட்டுமே சார்ஜ் ஏற்கும். பாட்டு ஓடும், சார்ஜ் ஏறாது.

ஆகவே டாக்கைத் திருப்பி முதுகைப் பாருங்கள். 3.5 மிமீ ஆக்ஸ் சாக்கெட் (வெளியிலிருந்து ஒலியை வாங்கும் துளை) இருந்தால் எந்தப் பிளேயரையும், ஏன் மடிக்கணினியையும் இணைக்கலாம். ஜாக் இல்லாத ஃபோன் என்றால் ஒரு சிறு ப்ளூடூத் ரிசீவரை டாக்கின் ஆக்ஸ் சாக்கெட்டில் செருகினால் போதும். ஆக்ஸ் இல்லாத டாக் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வாட்டைப் பார்த்து மயங்குவது

பெட்டியில் 1000 வாட் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்சத் திறன்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை அளக்க ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன், அதுவும் எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்பது. 10 சதவீதச் சிதைவில் அளந்த 10 வாட், ஒலி கரகரக்கத் தொடங்கிய பிறகு கிடைக்கும் 10 வாட். மேலும், வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. 5 வாட்டுக்கும் 8 வாட்டுக்கும் நடுவே மண்டையைப் பிய்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் கூம்பின் அளவும் பெட்டியின் கனமும்தான் அதிகம் பேசும். 40 மிமீ கூம்பிலிருந்து மிருதங்கத்தின் தொப்பி நாதம் நிறைவாக வராது.

இணைத்த பிறகு செய்யும் தவறுகள்

பிளேயரின் ஒலியளவை முழுக்க ஏற்றிவிட்டு ஸ்பீக்கரில் குறைத்து வைப்பவர்கள் உண்டு. பல பிளேயர்களின் ஹெட்ஃபோன் ஆம்பிளிஃபயர் உச்சத்தில் சிதையும், ஸ்பீக்கர் அந்தச் சிதைவையும் சேர்த்தே பெருக்கும். முக்கால் பங்குக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு மீதியை ஸ்பீக்கரில் ஏற்றுங்கள். ரொம்பவும் குறைத்து வைத்தாலும் தொல்லை: தானாக அணையும் வசதி உள்ள ஸ்பீக்கர்கள் பாட்டே வரவில்லை என்று எண்ணி நடுவில் தூங்கிவிடும்.

சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஆக்ஸ் ஒயரில் கேட்கும்போது 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜரும் ஸ்பீக்கரும் மின் இணைப்பு வழியாக வளையமாகச் சேர்வதால் வருவது. ஒயரின் நடுவே செருகும் சிறு ஐசொலேட்டர் ஒன்றே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பழையது வாங்கும்போது

மின் அடாப்டர் இல்லாமல் விற்கும் டாக்குக்குக் கையில் கிடைத்ததைச் செருகக் கூடாது. வோல்ட் சரியாக அதே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அடாப்டர் முனையின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்பது டாக்கின் அடியில் படமாக இருக்கும், அதுவும் பொருந்த வேண்டும். மாறினால் ஒரே நொடியில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடலாம். ரிமோட் தொலைந்த டாக் என்றால், பாஸ், டிரெபிள் மாற்றும் பொத்தான்கள் உடலிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலவற்றில் இருக்காது.

பிளேயரின் முதுகோ திரையோ லேசாக உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, தொடாமல் வந்துவிடுங்கள். உப்பவில்லை என்றால் பாட்டை ஓடவிட்டு, ஜாக்கைச் சாக்கெட்டிலேயே மெல்லச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் வேறு ஒயரை மாற்றிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கலாம். திறந்து மறுபடி பற்றவைக்க ஆள் இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.