பெயர் தெரிகிறது, கோப்பு திறக்கவில்லை

உபுண்டுவில் (லினக்ஸ் இயங்குதளம்) ஒரு எக்ஸ்ஃபேட் (கோப்புகளைச் சேமிக்கும் ஒரு வடிவம்) ஹார்ட் டிஸ்க். ஃபோல்டருக்குள் எல்லாப் பெயரும் தெரியும், எதுவும் திறக்காது. கோப்புகளை விவரத்தோடு பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளை கொடுத்தால் அளவு, தேதி வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். டிஸ்க் போச்சு என்று நினைத்துக் கேபிள் மாற்றி, டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி 2 நாள் வீண். அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையும் பலிக்கவில்லை, எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது.

சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டால் மட்டும் எல்லாம் திறந்தது. அங்கேதான் பொறி தட்டியது. எஃப்எஸ்டேபில் (டிஸ்க்குகளை எப்படி மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று சொல்லும் கோப்பு) நானே எப்போதோ எழுதிய 'யுமாஸ்க்=0111'! எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் எண் அது. கோப்புகளுக்காகப் போட்டது, ஃபோல்டர்களின் எக்ஸ் அனுமதியையும் பறித்திருக்கிறது. ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் உள்ளே நுழையும் உரிமை. ஆர் (வாசிக்கும் உரிமை) மட்டும் இருந்தால் பெயரை வாசிக்கலாம், அவ்வளவுதான்.

அந்த யுமாஸ்க்கை எடுத்துவிட்டு 'யுஐடி=1000,எஃப்மாஸ்க்=0133,டிமாஸ்க்=0022' என்று எழுதினேன்: யுஐடி உரிமையாளர் எண், எஃப்மாஸ்க் கோப்புகளுக்கு, டிமாஸ்க் ஃபோல்டர்களுக்கு. ரீமவுண்ட் போதவில்லை, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்ததும் கேள்விக்குறிகள் போய்த் தேதிகள் வந்தன. அப்பாடா!