வளர்ப்புத் தட்டில் பசியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசியை ஆளும் நியூரான்கள் மூளையின் அடிப்புறத்தில், ஹைப்போதலாமஸில் இருப்பதால், உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து அவற்றை எடுத்து மருந்து சோதிக்க வழியில்லை. ஷின்யா யமனாக்காவின் குழு 2007இல் மனிதத் தோல் செல்களை, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டியதால்தான், அத்தகைய நியூரான்களை எவருடைய தோலிலிருந்தும் ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டிலேயே உருவாக்க முடிகிறது.

இதற்கு எலியே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. பசியைத் தணிக்கும் பிஓஎம்சி புரதத்திலிருந்து மனித மூளை பீட்டா எம்எஸ்எச் என்னும் பசியடக்கும் ஹார்மோனையும் வெட்டியெடுக்கிறது. எலியின் புரதத்தில் அதற்கான வெட்டுமிடமே கிடையாது; அதனால் எலி மனிதனுக்கு முழு மாற்றாகாது. (லாப்ரடார் நாய்கள் சிலவற்றின் அடங்காப் பசிக்கும் இதே புரதத்துக்கான ஜீனில் ஒரு துண்டு இழக்கப்பட்டதற்கும் தொடர்புண்டு என்று 2016இல் தெரியவந்தது.)

ஆனால் செல் மனிதனுடையது என்பதாலேயே அதன் சூழலும் மனித உடலைப் போன்றது என்று எண்ணிவிடுவதுதான், என் பார்வையில், மிகப் பெரிய தவறு. நியூரான்களுக்கு வழக்கமாக ஊற்றப்படும் வளர்ப்புக் கரைசலில் லிட்டருக்கு 25 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைத் தாளின் கணக்கில் இது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம்; எந்த மருத்துவரும் பதறும் அளவு. மூளைக்குள் இருக்கும் சர்க்கரையோ இரத்தத்தில் இருப்பதைவிடவும் குறைவு. கரைசலோடு சேர்க்கும் ஊட்டக்கலவையில் இன்சுலினும் தாராளமாக இருப்பதால், அதில் வாரக்கணக்கில் ஊறிய நியூரானிடம் இன்சுலினுக்கோ, கொழுப்பிலிருந்து வந்து பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனுக்கோ எப்படி எதிர்வினையாற்றுகிறாய் என்று கேட்டுப் பெறும் விடையை எவ்வளவு நம்பலாம்? சோதனைக்கு முன்பே கரைசலை உடலின் அளவுக்கு இறக்கிப் பழக்க வேண்டும்.

அடுத்தது அடையாளம். பிஓஎம்சி இருப்பதைக் காட்டும் சாயம் ஒரு செல்லில் ஏறிவிட்டது என்பதற்காக அதைப் பசி நியூரான் என்று முடிவுகட்டக் கூடாது. எலிக்கருவில் இந்த ஜீனை வெளிப்படுத்தும் இளஞ்செல்கள் பல, வளர்ந்தபின் வேறு வகை நியூரான்களாகிவிடுகின்றன. தட்டில் வளர்பவையும் வயதில் கருநிலைக்கே நெருக்கமானவை.

செல் வரிசையின் மரபணுவைப் பரிசோதிக்காமல் தொடங்குவதும் ஆபத்து. 140 மனிதக் கருமூல ஸ்டெம் செல் வரிசைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 5 வரிசைகளில் புற்றுநோயைத் தடுக்கும் பி53 ஜீன் பழுதாகியிருந்தது. அத்தகைய செல்கள் மற்றவற்றை முந்திப் பெருகிவிடும். ஒரே நபரின் செல்களைத் தட்டின் 96 குழிகளில் நிரப்பிவிட்டு 96 பேரைச் சோதித்ததாகக் கணக்கிடுவது பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் நடக்கிறது.

தட்டில் நியூரான் துடித்தால் உடல் எடை குறையும் என்று தாவுவதும் தவறே. பிஓஎம்சியிலிருந்து வரும் ஹார்மோன்கள் பசியைத் தணிக்கப் பயன்படுத்தும் எம்சி4ஆர் என்னும் ஏற்பியைத் தூண்டும் மருந்தான செட்மெலனோடைட் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பிஓஎம்சி குறைபாடு போன்ற அரிய மரபுக் கோளாறுகளால் வரும் உடல்பருமனுக்காக மட்டுமே. அதே ஏற்பியைக் குறிவைத்த முந்தைய மருந்தொன்று மனிதர்களின் இரத்த அழுத்தத்தை ஏற்றியது. இரத்தக் குழாயே இல்லாத தட்டில் அது ஒருபோதும் தெரிந்திருக்காது.