கெட்டிமேளத்துக்கு முன் கட்டைவிரலைப் பழக்குங்கள்

கல்யாண போட்டோ எடுக்க வரும் புதுப் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) மாற்றத் தெரியுமா? தெரியாது என்றால் லென்ஸ் அப்புறம் வாங்கலாம்.

முதல் வேலை, ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரல் படும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றுவது. கேனானில் ஷட்டரின் அரை அமுக்கலை மீட்டரிங் (வெளிச்சம் அளப்பது) மட்டும் என்று வையுங்கள். சோனியில் 'ஏஎஃப் வித் ஷட்டர்' ஆஃப். நிக்கானில் கஸ்டம் மெனுவுக்குள் 'ஏஎஃப்-ஆன் ஒன்லி'. ஃபோகஸ் மோடு, நகர்வதை விடாமல் தொடர்வது: கேனான் என்றால் சர்வோ, மற்றதில் ஏஎஃப்-சி.

லாபம் தாலி கட்டும்போது தெரியும். கெட்டிமேளம் கொட்டியதும் நாலாபக்கமும் அட்சதை பறக்கும். யாரோ ஒரு சித்தப்பா செல்போனோடு குறுக்கே கையை நீட்டுவார். ஷட்டரிலேயே ஃபோகஸ் இருந்தால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் கேமரா புதிதாகத் தேடி, அரிசியையோ சித்தப்பா கையையோ பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலில் இருந்தால், மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போனதும் முடிச்சில் ஒரு அமுக்கு, விரலை எடு, சுட்டுக்கொண்டே இரு. யார் குறுக்கே வந்தாலும் ஃபோகஸ் நகராது. மீதி முடிச்சுகளை நாத்தனார் போடுகிற வீடு என்றால் அவர் குனிந்ததும் மறுபடி அமுக்குங்கள். எஃப் 1.8 மாதிரி அகலத் திறந்த அப்பர்ச்சரில் (லென்ஸ் துவாரம்) எடுக்கும்போது நீங்கள் அரை அடி நகர்ந்தாலே போச்சு, அப்போதும் மறுபடி அமுக்க வேண்டும்.

ரிசப்ஷனில் இவ்வளவு கஷ்டம் இல்லை. ஐ டிடெக்‌ஷன் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி) ஆனில் இருக்க, கட்டைவிரலை எடுக்காமலே அமுக்கிக்கொண்டிருக்கலாம்.

டயல்களில் என் கணக்கு: முன் டயல் அப்பர்ச்சர், பின் டயல் ஐஎஸ்ஓ. மண்டபத்துக்குள் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்துவிட்டுத் தொடுவதில்லை. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும்; ஷட்டரை ஏற்றினால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக வரும். சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கை விலாவை ஒட்டி. கேமரா பாடியின் பக்கவாட்டைப் பிடிக்காதீர்கள், ஆடும். அந்தக் கைக்கு ஜூமைத் தவிர வேறு வேலை வேண்டாம்.

இரண்டு பாடி வைத்திருந்தால் இரண்டிலும் ஒரே பட்டனுக்கு ஒரே வேலை. கேனான் ஆர்6-ல் பவர் சுவிட்ச் இடப்பக்கம். மார்க் 2-ல் அது வலப்பக்கம் போய், பழைய இடத்தில் போட்டோ-வீடியோ சுவிட்ச் வந்துவிட்டது. இரண்டையும் கலந்து வைத்திருப்பவர் அவசரத்தில் ஆன் செய்வதாக நினைத்து வீடியோவுக்குப் போய் நிற்பார்.

கேனானில் செட்டிங்கை சி1-ல் (சொந்த செட்டிங்கைச் சேமிக்கும் மோடு) சேமிக்கும்போது 'ஆட்டோ அப்டேட்'டை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் நடுவில் மாற்றியதெல்லாம் அதிலேயே பதிந்துவிடும். வெர்ட்டிக்கல் கிரிப் (கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்க அடியில் மாட்டும் பிடி) மாட்டினால் அதற்குத் தனி ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டா என்று பாருங்கள்.

வாடகை பாடி என்றால் முதல் நாள் சாயங்காலமே வாங்கி இதையெல்லாம் மாற்றிவிடுங்கள். திருப்பித் தரும்போது ரீசெட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்து எடுத்துப் போகிறவர் ஷட்டரை அமுக்கிப் பார்த்து, ஃபோகஸே வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்.